திவானுக்கு அடியில் இருபது

இருபது. கண்ணக் கசக்கிட்டுப் பாத்தாலும் இருபதுதான். ஆல்வின் வீட்டு திவானுக்கு அடியில, செவுத்தோரமா, ஒரு காஞ்சுபோன எலுமிச்சம்பழத்துக்கும் எப்பவோ தொலஞ்ச கேரம் ஸ்ட்ரைக்கருக்கும் நடுவுல, என்னோட பச்சை டைஸ் கெடக்கு, உச்சியில இருபது. செல்போன் டார்ச்ச இன்னும் கொஞ்சம் சாச்சுப் புடிக்கறேன். சுத்தியும் ரெண்டு, எட்டு, பதினாலு. இருபதுக்குப் பக்கத்து வீட்டுக்காரங்க எப்பவும் இவங்க மூணு பேருதான், அப்ப சந்தேகமே இல்ல. கன்னம் தரையில ஒட்டுது. மொசைக் தரை, ஜில்லுனு, கொஞ்சம் ஃபினாயில் வாசம், கொஞ்சம் வெங்காய பஜ்ஜி வாசம். மூக்குக்கு நேரா ஒரு முடிக்கத்தை தூசியோட சுருண்டு கெடக்கு, நான் மூச்சு விட்டா அது நகருது. மேல மூணு பேர் காத்துட்டு இருக்காங்க. "கெடச்சுதாடா பூபதி?"ங்கறான் ஆல்வின். இந்த வீட்டுல இருபது விழுந்தா எல்லாரும் எந்திரிச்சு ஆடுவாங்க. கதைக்குள்ள செத்துட்டு இருக்கற சிட்டு எந்திரிச்சு உக்காந்துருவா. ஃபர்சானா கத்தற கத்துல கீழ் வீட்டுக்காரரு மறுபடியும் காலிங் பெல் அடிப்பாரு. நான் வாயத் தொறந்து ஒரே வார்த்த சொன்னாப் போதும். "இரு, பாத்துட்டு இருக்கேன்,"ங்கறேன். பாத்தாச்சு. எப்பவோ பாத்தாச்சு.

வெளிய யாருகிட்டயாச்சும் சொன்னா சிரிப்பாங்க. வாணியே சிரிக்கறா. ஞாயித்துக்கெழம மத்தியானம் நான் சட்டைய மாட்டறப்பவே கேப்பா, ஏனுங்க, ஏழு கழுதை வயசாச்சு, தாயக்கட்டை உருட்டக் கெளம்பிட்டீங்களான்னு. தாயக்கட்டை இல்லடீ, இதுல ஆல்வின் ஒரு கதை சொல்லுவான், நாங்க மூணு பேரும் அந்தக் கதைக்குள்ள ஆளுக்கொரு வேஷம், என்ன பண்றோம்னு நாங்க சொல்லணும், சும்மா நடக்கறது பேசறதுன்னா அதுபாட்டுக்கு நடக்கும், கஷ்டமான காரியம்னா, செவுரு ஏர்றது, பூட்டு ஒடைக்கறது, அடிபட்டவனுக்கு வைத்தியம் பாக்கறது, அதுக்கெல்லாம் ஒரு செக் போடணும், இருபது மொகம் இருக்கற டைஸ உருட்டி, அதோட அந்த வேஷத்துக்கு இருக்கற திறமைய ஒரு எண்ணாக் கூட்டி, ஆல்வின் வெச்சிருக்கற எண்ணத் தாண்டுனா காரியம் ஜெயம், தாண்டலைன்னா இல்ல. இதெல்லாம் ஒருவாட்டி வெளக்குனேன். முழுசாக் கேட்டுட்டு, அப்ப திறமை இருந்தும் கட்டை சரியா விழுகலைன்னா போச்சா, அதுக்கு எதுக்குங்க வெளையாட்டு, வீட்டுலயே இருக்கலாமேன்னா. அவ குத்திச் சொல்லல. அவ அப்பிடி ஆளு இல்ல. ஆனா எனக்குக் குத்துச்சு. காலேஜ்ல என்ற டிபார்ட்மெண்ட்ட பசங்க சேரலைன்னு இழுத்து மூடுனதுல, பாடம் நடத்துன கையால மச்சினன் ஜெராக்ஸ் கடையில உக்காந்து ஆதார் கார்ட லேமினேஷன் பண்ணிக் குடுத்துட்டு இருக்கறவனுக்கு எதச் சொன்னாலும் குத்தத்தான் செய்யும். கதைக்குள்ள நான் ஆதன். மூலிகை வைத்தியன். நெடுநெடுன்னு ஒசரம், ராஜா கூப்புட்டாலும் கையில இருக்கற நோயாளிய முடிச்சுட்டுத்தான் போவான். வேஷமாச்சும் அப்பிடி இருக்கட்டும்னு எழுதிக்கிட்டேன். சிட்டு ஃபர்சானாவோட வேஷம். சுண்டெலி மாதிரி ஒரு திருட்டுப் பொண்ணு, எந்த செவுத்துலயும் ஏறுவா, எந்த அதிகாரியையும் வாய்க்கு வந்தபடி பேசுவா. இன்னிக்குக் கோட்டை மதில்ல ஏறி, எனக்காக, ஆதனுக்காக, கீழ மாட்டிக்கிட்ட ஆதன மேல இழுக்கக் கயிறு கட்டிட்டு இருந்தா. நெஞ்சுல அம்பு. என்ற மடியிலதான் வந்து விழுந்தா. ஆல்வின் பஜ்ஜி தட்ட நகத்தி வெச்சுட்டு சொன்னான், இந்த ஒரு செக்தான், ஆதன் காப்பாத்துனா காப்பாத்துனதுதான், இல்லைன்னா சிட்டு போயிட்டா. கொஞ்சம் தயங்கிட்டு, வேணும்னா இன்னொரு வழி யோசிக்கலாம்னு இழுத்தான். ஃபர்சானாதான் வேண்டான்னுட்டா. "சும்மா மாத்தாதீங்கண்ணா. அப்பறம் அவ தப்பிச்சா என்ன, தப்பிக்கலைன்னா என்ன? பூபதிண்ணன் போடட்டும்."

போட்டேன். மெதுவாத்தான் போட்டேன், சாமி சத்தியமா. மத்த எடத்துல டைஸ் மேசைய விட்டுக் கீழ விழுந்தா செல்லாது, மறுபடி போடணும், உலகத்துல பாதிப் பேரு அப்பிடித்தான் ஆடறாங்க. இந்த வீட்டுச் சட்டம் வேற. கொணா, அதான் எனக்கு எதுத்தாப்புல உக்காந்திருக்கறவன், பேங்க்ல வேல, அவன் முன்னெல்லாம் டைஸ் உருண்டுட்டு இருக்கறப்பவே சின்ன எண்ணு வரப்போகுதுன்னு தெரிஞ்சா முழங்கையால ஒரு தட்டுத் தட்டிக் கீழ தள்ளிருவான், அய்யய்யோ விழுந்துருச்சுங்ணா, மறுபடி போடறேன்னுவான். அதப் பாத்துட்டுத்தான் ஆல்வின் சட்டம் போட்டான். எங்க விழுந்தாலும் விழுந்தது விழுந்ததுதான். போட்டவன் போயி, தொடாம, என்ன எண்ணுன்னு பாத்துச் சொல்லணும். சொன்னது கணக்கு. நாம என்ன போலீஸா, பின்னாடியே போயிப் பாக்கறதுக்கு, நம்ம ஆளுங்கதானடா, அப்பிடின்னான். நம்ம ஆளுங்கதான். கொணாவோட திருட்டுத்தனம் அன்னியோட நின்னுபோச்சு. அதுக்கப்பறம் பாத்தா என்ற டைஸுக்குக் கால் மொளச்சிருச்சு. அலமாரிக்குப் பின்னாடி, செருப்புக்குள்ள, ஒருவாட்டி பால்கனி துளசித் தொட்டியில. எனக்கு மட்டும்தான் கை கொஞ்சம் வேகம்னு எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன். எந்திரிச்சுப் போயி, குனிஞ்சு பாத்து, பதினேழுடோய்னு கத்துவேன். இன்னிக்கு மட்டும் அப்பிடிப் போடக்கூடாதுன்னு முடிவு பண்ணி, கைய மேசையோட ஒட்டி வெச்சு, மூணு பேரு கண்ணு முன்னால, கொழந்தைய எறக்கி விடற மாதிரி உருட்டி விட்டேன். உள்ளங்கை வேர்வை. வழுக்கிருச்சு. சட்னிக் கிண்ணத்து விளிம்புல பட்டு எகிறி, தரையில தட்டுத் தட்டுன்னு ரெண்டு குதி, நேரா திவானுக்கு அடியில.  கொணா தலையக் குனிஞ்சு பஜ்ஜி எண்ணெய ஒரு பேப்பர்ல ஒத்தி எடுத்துட்டு இருந்தான், ஒத்தறதுக்கு அதுல எண்ணெயே இல்ல.

ஏன் இன்னிக்கு மட்டும்னா, சமையக்கட்டு. கை கழுவலாம்னுதான் போனேன். அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. கதவு பாதி சாத்தி இருந்துச்சு, உள்ள ஆல்வின் பஜ்ஜி திருப்பிட்டு இருக்கான், ஃபர்சானா தட்டுல டிஷ்யூ பேப்பர் விரிச்சுட்டு இருக்கா. ஏங்ணா, பூபதிண்ணன் டைஸ் மட்டும் கீழயே ஓடுது, கீழ போனா மட்டும் பெரிய எண்ணாவே விழுகுதுன்னு அவ சொன்னா. கோவமாச் சொல்லல. சிரிச்சுட்டே, கொழந்தைங்க தப்புத்தப்பாப் பேசறதச் சொல்லற மாதிரி. ஆல்வின் கரண்டிய வாணலி விளிம்புல தட்டுனான். "விடும்மா. அவனுக்கு வெளிய எங்கயும் நல்ல நம்பரே விழுகறதில்ல. இங்கயாச்சும் விழட்டும்." அதுக்கு அவ, "தெரியுங்ணா, நானும் கண்டுக்கறதில்ல. கொணாகிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்,"ங்கறா. சொல்லி வெச்சிருக்கா. மூணு பேரும் பேசி வெச்சிருக்காங்க. கை கழுவாமயே திரும்பி வந்து உக்காந்துட்டேன், வெரலெல்லாம் எண்ணெய். டைஸ் வழுக்குனது வேர்வையாலயா அந்த எண்ணெயாலயான்னு இப்பத்தான் தோணுது. ஆல்வின திட்டக்கூட முடியல. காலேஜ்ல ஒரே பெஞ்சு, என்ற கல்யாணத்துல மாப்பிள்ளைத் தோழன். வேல போனத அவன்கிட்ட நான் சொல்லவே இல்ல, எப்பவும் போல க்ளாஸ் எப்பிடிடா போகுதுன்னு கேப்பான், போகுதுடான்னுவேன். கேக்கறப்ப அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. ஜெராக்ஸ் கடையையும் பாத்திருப்பான், வண்டியில போறப்ப. கையில லேமினேஷன் ஷீட்டோட நான் நின்னுட்டு இருக்கறதப் பாத்துட்டு ஹெல்மெட் கண்ணாடிய எறக்கி விட்டுட்டுப் போயிருப்பான். நாக்கப் புடுங்கிட்டுச் சாகலாம் போல இருக்கு. பொய் சொன்னதக் கண்டுபுடிச்சதுக்கு இல்ல. கண்டுபுடிச்சும் விட்டுட்டாங்க பாரு, அதுக்கு.

மொத பொய் எது? நாலு விழுந்துச்சு. பதினாலுன்னு சொன்னேன். முன்னால ஒரு ஒண்ணுதான் சேத்தேன், பெருசா என்ன, அன்னிக்கு என்னமோ ஆத்தத் தாண்டறது, விழுந்தா ஆதனோட மருந்துப் பை நனஞ்சுபோகும், அவ்வளவுதான். அன்னிக்குக் காலையில ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல இண்டர்வியூ முடிஞ்சு, உங்க வயசுக்கு நாங்க குடுக்கறது கொறச்சலா இருக்கும் சார்னு ஒரு சின்னப் பையன் இங்கிலீஷ்ல சிரிச்சுட்டே அனுப்பி வெச்சிருந்தான். அதனாலதான்னு சொன்னா அது சாக்கு. சாக்குதான். பதினாலுன்னு சொன்னப்ப கொணா மேசையத் தட்டி, அண்ணன்னா அண்ணன்தான்னான். அந்தத் தட்டு எப்பிடி இருந்துச்சுன்னா, ரொம்ப நாள் கழிச்சு யாரோ முதுகு தேச்சுவிட்ட மாதிரி இருந்துச்சு. அந்த ஒரு தட்டுக்காகத்தான் அடுத்த வாரம், அதுக்கு அடுத்த வாரம். இப்ப ஒவ்வொண்ணா எடுத்துப் பாக்கறேன், எந்தத் தட்டு நெசம், எது எனக்குப் போட்ட பிச்சை? துளசித் தொட்டியில பத்தொம்பதுன்னு சொன்னப்ப ஃபர்சானா கையத் தட்டுனா, அது? செருப்புக்குள்ள இருந்து இருபதுன்னு சொல்லி கதையில ஒரு ராட்சசப் பல்லியக் கொன்னப்ப ஆல்வின் எந்திரிச்சு வந்து கட்டிப்புடிச்சான், காது பக்கத்துல, கலக்கிட்டடா மாப்ளன்னான், அது? அன்னிக்கு ராத்திரி நான் வாணிகிட்ட அதச் சொல்லி, அவ பாதித் தூக்கத்துல உம் கொட்டுனா, நான் சந்தோஷமாத் தூங்குனேன். நல்லாத் தூங்குனேன், தூ. அவன் கட்டிப்புடிச்சது தோத்தவன ஆறுதல் சொல்லிக் கட்டிப்புடிக்கறது. எழவு வீட்டுல அப்பிடித்தான் கட்டிப்புடிப்பாங்க.

"அண்ணா, கை எட்டலைன்னா சொல்லுங்ணா, தொடப்பம் எடுத்துட்டு வரேன்," கொணா. தொடப்பமா. "வேண்டாம் வேண்டாம், தொட்டா திரும்பிரும்." என்ற கொரல் எனக்கே வேற யாரோ பேசற மாதிரிக் கேக்குது. சட்டை ஏறி முதுகு தெரியுது போல, ஃபேன் காத்து படுது, ஒரு கையால பின்னாடி இழுத்து விட்டுக்கறேன். இப்ப இருபதுன்னு சொன்னா என்ன ஆகும்? ஹேன்னு கத்துவாங்க. கத்தறதுக்கு மின்னாடி ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாத்துக்குவாங்க. இத்தன நாளும் நான் கீழ குனிஞ்சு இருந்ததால அந்த நொடி எனக்குத் தெரியாமப் போச்சு. இன்னிக்குத் தெரியும். புலி வருது புலி வருதுன்னு கத்துனவன் கதையில கடைசியில ஊரு வரலையே, இங்க ஊரு வரும்டா, எல்லாரும் வருவாங்க, கம்போட ஓடி வந்து, புலி எங்கப்பா, அடடா பெரிய புலின்னு என்னைத் தட்டிக் குடுப்பாங்க, நெசப் புலி எதுத்தாப்புல நிக்கறது அவங்க கண்ணுக்குத் தெரியாது. திருடனுக்குத் தேள் கொட்டுன மாதிரி, கத்தவும் முடியல, கத்தாம இருக்கவும் முடியல. நெசமா இருபதுப்பான்னு சொல்லலாமா? நெசமான்னு ஒரு வார்த்தை சேத்தாலே முடிஞ்சுது, அப்ப மத்ததெல்லாம் என்னன்னு ஆயிரும். ஃபோட்டோ எடுத்துக் காட்டலாம். எவனாச்சும் தன் பேச்சுக்குத் தானே ஃபோட்டோ புடிச்சுட்டு வருவானா? இருந்தாலும் எடுக்கப் பாக்கறேன், கை அதுபாட்டுக்குப் போகுது, கேமராவத் தொட்டதும் டார்ச் அணஞ்சு திவானுக்கு அடி கும்மிருட்டு. பதறிப்போயி மறுபடி டார்ச்சப் போடறேன். இருபது அங்கயேதான் இருக்கு. எங்கயும் போகல. பாவம், அதுக்கென்ன தெரியும்.

இங்கிருந்து பாத்தா மேசைக்கு அடியில எல்லார் காலும் தெரியுது. ஆல்வினோட வெறுங்கால், பெருவெரல் ஆட்டிட்டே இருக்கான், பரீட்சை ஹால்லயும் அப்பிடித்தான் ஆட்டுவான். கொணாவோட சாக்ஸ்ல ஒரு ஓட்டை. ஃபர்சானா ரெண்டு காலையும் ஒண்ணு மேல ஒண்ணு அழுத்தி வெச்சிருக்கா, குதிகால்ல பொளந்த வெடிப்பு, ஆஸ்பத்திரி மருந்துக் கடையில நாளெல்லாம் நின்னு நின்னு வந்த வெடிப்பு, அதுல ஏதோ களிம்பு பளபளங்குது. வாரத்துல இந்த ஒரு மத்தியானம்தான் எனக்குன்னு இருக்குங்ணான்னு ஒருவாட்டி சொன்னா. அவ வூட்டுக்காரரு கொண்டுவந்து விட்டுட்டு, சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போவாரு. வீட்டுல அவ பொண்ணு ரஹீமா காத்துட்டு இருப்பா. ரெண்டாங்கிளாஸ். சிட்டு இன்னிக்கு என்ன பண்ணாங்கறதச் சொல்லாம அந்தப் புள்ள சாப்பிடாதாம். ஸ்கூல்ல ஒரு பெரிய பையன் தள்ளிவிட்டப்ப, நான் யார் தெரியுமா, சிட்டு, செவுத்துல ஏறிருவேன்னு சொல்லி உண்மையிலயே காம்பவுண்டு செவுத்துல பாதி ஏறிருச்சாம், மிஸ் கூப்புட்டு அனுப்பிச்சாங்களாம். சொல்லறப்ப ஃபர்சானாவுக்குச் சிரிப்புத் தாங்கல, கண்ணுல தண்ணி. அந்தச் சிட்டுதான் என்ற மடியில கெடக்கா. அப்ப எனக்கு என்ன மானம், மசுரு? யாரு நம்புனா என்ன நம்பாட்டி என்ன? பிச்சையா இருந்தா வாங்கிக்கயேண்டா. இருபதுன்னு சொல்லுடா. சொல்லு. சொல்லிட்டா? அவ புள்ளைகிட்டப் போயி என்ன சொல்லுவா? பூபதி மாமா காப்பாத்திட்டாருன்னு சொல்லிட்டு, மனசுக்குள்ள, மனசுக்குள்ள என்ன நெனச்சுக்குவா? சிட்டு உசுரோட இருக்கற ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் அது என்ற பொய்யால இருக்கற உசுருன்னு அவளுக்குத் தோணுமே. மாத்தக்கூடாதுன்னு அவதானே சொன்னா. நெசமா இருந்தாத்தான் வேணும்னு கேட்டவளுக்கு நெசத்தையே குடுக்கறேன், அது என்ற வாயில இருந்து வந்ததும் பொய்யாயிருது.

அப்பத்தான் தோணுச்சு. கூப்புடு. அவளையே கூப்புடு. ஃபர்சானா, நீயே வந்து குனிஞ்சு பாரும்மான்னு சொல்லிரு. அவ கண்ணால பாக்கட்டும். ஏன் கூப்புடறேன்னு மூணு பேருக்கும் புரிஞ்சிரும், எனக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிரும், ஆல்வின் மொகம் செத்துப்போகும், சமையக்கட்டுல நின்னு கேட்டியாடான்னு கண்ணாலயே கேப்பான், நானும் ஆமாங்கணும். போகட்டும். ஒரேடியாக் கிழிஞ்சு போகட்டும், மானத்த எத்தன நாளைக்குத்தான் ஒட்டுப் போட்டுக்கறது? இதுக்கப்பறம் மேசைக்கு நடுவுல போடுவேன், சின்ன எண்ணு விழுந்தா விழுந்துட்டுப் போகுது, ஆதன் ஆத்துல விழட்டும், பை நனையட்டும். நெஞ்சு லேசான மாதிரி இருந்துச்சு, எத்தனையோ மாசமாச்சு அப்பிடி இருந்து. தலையத் திருப்பி, ஃபர்சானான்னு வாயத் தொறந்தேன். ஃப வரைக்கும் வந்துச்சு. "இர்றா மாப்ள, நீ எதுக்கு இப்பிடிக் கஷ்டப்படற, கொணா அந்தப் பக்கம் புடி,"ன்னு மேல ஆல்வின் சத்தம், காலுங்க நகருது, வேண்டாண்டா தூக்காதேன்னு நான் கத்தறதுக்குள்ள திவான் ஒரு பக்கம் எந்திரிச்சு, வெளிச்சம் உள்ள பாய, திவானோட மறுபக்கத்துக் கால் தரையில கிறீச்சுன்னு இழுபட்டு, எலுமிச்சம்பழத்த ஒரு தள்ளு தள்ள, பழம் டைஸ இடிக்க, டைஸ் உருண்டு உருண்டு என்ற மூக்குக்கு மின்னாடி வந்து, ஹால் நடுவுல, ட்யூப்லைட்டுக்கு நேர் கீழ நின்னுச்சு.

நாலு. எல்லாரும் பாத்தாங்க. நான் முட்டி போட்டு எந்திரிச்சேன், கன்னத்துல மண்ணு, சட்டையில ஒட்டடை. "அய்யோ, திருப்பிட்டமா?"ங்கறான் ஆல்வின், திவான எறக்காமயே. கொணா, "இது செல்லாதுங்ணா, நாங்க நகத்துனதுல உருண்டுருச்சு. அண்ணன் மொதல்லயே பாத்துட்டாரு, அவரு பாத்ததுதான் கணக்கு. வீட்டுச் சட்டம்." மூணு பேரும் என்னப் பாத்தாங்க. இத்தன நாளும் நான் பாக்காத அந்த நொடி, அதுக்குள்ளயே நான் நிக்கறேன் இப்ப. ஆல்வின் மொகத்துல சிரிப்புத் தயாரா இருக்கு, வாசல்ல விருந்தாளி வர்றதுக்கு மின்னாடியே போட்டு வெக்கற சிரிப்பு. கொணாவோட கை மேசையத் தட்டறதுக்கு விரிஞ்சிருச்சு. ஃபர்சானா ரெண்டு கையையும் தாடைக்குக் கீழ கோத்து வெச்சுட்டு, "சொல்லுங்ணா. என்ன பாத்தீங்க?"ன்னா. மாத்தாதீங்கன்னு சொன்ன அதே பொண்ணு. சொல்லுங்ணா, பொய்யா இருந்தாலும் பரவால்ல, சொல்லிருங்கங்கற கண்ணு. நான் இருபது பாத்தேன். என்ற ரெண்டு கண்ணால பாத்தேன், சுத்தி ரெண்டு, எட்டு, பதினாலு. அதச் சொல்லியிருந்தா இந்தச் சிரிப்பு, அந்தக் கைதட்டு, எல்லாமே வந்திருக்கும். அந்தச் சிரிப்பத்தான் எனக்குத் தாங்க முடியல. இன்னொருவாட்டி அத வாங்கிக்கறதவிட, இன்னொருவாட்டி அவங்க என்னை அப்பிடிப் பாக்கறதவிட, தோக்கறதே மேல்.

"நாலுதான்,"ன்னேன். "அங்கயும் இதே நாலுதான் இருந்துச்சு."

 ஆல்வின் திவான மெதுவா எறக்கி வெச்சான். கொணா கையச் சுருட்டி மடியில வெச்சுக்கிட்டான். ஃபர்சானா கொஞ்ச நேரம் அந்த டைஸையே பாத்துட்டு இருந்தா, மூக்க உறிஞ்சுனா, அப்பறம் என்னைப் பாத்துச் சிரிச்சா. எனக்கு அவ சிரிச்சதுலயே அதுதான் நெசமான சிரிப்புன்னு தெரிஞ்சுது. "பரவால்லங்ணா. உள்ளதச் சொன்னீங்களே, அதே போதும்." ஆல்வின் பக்கத்துல வந்தான்.  என்ற சட்டையில இருந்த ஒட்டடையத் தட்டிவிட்டான், தட்டுன கையத் தோள்லயே வெச்சுக்கிட்டு ஒரு அழுத்து அழுத்துனான், பழைய பெஞ்சுல உக்காந்திருந்தப்ப அழுத்துவானே அப்பிடி. கண்ணுல தண்ணி கட்டிருந்துச்சு அவனுக்கு. என்னை நெனச்சுப் பெருமையா இருந்தான். இத்தன மாசமா எது வேணும்னு நான் தரையில பொரண்டேனோ, அது வந்து தோள்ல உக்காந்திருக்கு. இல்லடா, இருபதுடா, சத்தியமா இருபதுடான்னு இப்பச் சொன்னா? ஆதனுக்கு சிட்டு மேல பாசம், பாவம், மனசு கேக்காம மாத்திச் சொல்லறான்னு நெனப்பாங்க. தட்டிக் குடுப்பாங்க. நான் சொல்லல.

ஃபர்சானா ஃபோன் அடிச்சுது, ரஹீமாதான். ஸ்பீக்கர்ல போட்டா, எப்பவும் போல, நாங்க எல்லாரும் கேக்கறதுக்கு. "அம்மா, அத்தா வண்டி எடுத்துட்டாரு, நானும் வரேன். சிட்டு மேல ஏறிட்டாளா?" ஃபர்சானா டைஸப் பாத்துட்டே சொன்னா. "இல்லடா செல்லம். அம்பு பட்டுருச்சு. பூபதி மாமா எவ்வளவோ பாத்தாரு, டைஸ்ல நாலுதான் விழுந்துச்சு." அந்தப் பக்கம் வண்டிச் சத்தம், காத்து, அதுக்குள்ள ரஹீமா மூச்சு.  அப்பறம், "மாமாகிட்ட குடுங்க,"ன்னா. ஃபர்சானா ஃபோன என் பக்கம் நீட்டுனா. கையில வாங்குனேன், சூடா இருந்துச்சு.

"மாமா, நெசமாவே நாலா? நீங்க நல்லாப் பாத்தீங்களா?"

இத்தன நாள்ல இந்த வீட்டுல என்னை அப்பிடிக் கேட்டது அந்தப் புள்ள ஒண்ணுதான். ஆல்வின் கை இன்னும் தோள்ல இருந்துச்சு. ஹால் நடுவுல டைஸ் அப்பிடியே கெடந்துச்சு, யாரும் இன்னும் எடுக்கல.

"நல்லாப் பாத்தேன் கண்ணு,"ன்னேன். "நாலேதான்."